பெட்டியை பீரோவில் வைக்காதீர்கள்

அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து பெட்டியை எடுத்து என் மேசை மேல் வைத்தார். கம்பெனி ஒட்டிய டேப் கூடப் பிரிக்கப்படவில்லை. அட்டை மேல் மூன்று விரலால் இழுத்த விபூதி, நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. "ஆஸ்பத்திரியில குடுத்த சாமான், கெட்டுறக் கூடாதுன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன் தாயி. வேற யாரையும் தொடவிடல" என்றார். பொறுப்பாகப் பாதுகாத்த நிறைவு அந்தக் குரலில் இருந்தது.

அவருடைய கணவர் கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தார். 68 வயது. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம். ஒன்றரை வருடம் முன்பு அவர் நெஞ்சில் ஐசிடி வைத்து அனுப்பியிருந்தோம். இதயம் கட்டுக்கடங்காமல் துடிக்கத் தொடங்கினால் உள்ளேயே ஷாக் கொடுத்து உயிரைக் காப்பாற்றும் கருவி அது. அந்தக் கருவியின் பதிவுகளை வீட்டிலிருந்தே எங்களுக்கு அனுப்புவதற்குத்தான் அந்தப் பெட்டி. முந்தின இரவு அது அவரை ஐந்து முறை அடித்திருந்தது. ஐந்து முறையும் அவர் முழு நினைவோடு இருந்தார். "உலக்கையால நெஞ்சுல குத்துன மாதிரி இருந்துச்சும்மா. ஒண்ணு முடிஞ்சு, அடுத்தது எப்ப வருமோன்னு கண்ண மூடிக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்று சொல்லும்போது அவர் கை நடுங்கியது. நாங்கள் வட்டமான காந்தம் ஒன்றை நெஞ்சின் மேல் வைத்து டேப் போட்டிருந்தோம். காந்தம் அங்கே இருக்கும்வரை ஐசிடி ஷாக் கொடுக்காது.

அவர் இதயம் அன்றிரவு ஒழுங்காகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் உள்ளே உடைந்து விட்டுப்போயிருந்தது. விட்ட ஒயரில் வரும் இரைச்சலை இதயத் துடிப்பு என்று கருவி எண்ணிவிட்டது. நிமிடத்துக்கு முந்நூறுக்கு மேல் துடிக்கிறது, ஆள் சாகப்போகிறார் என்று நினைத்து அடித்திருக்கிறது. ப்ரோகிராமர் என்ற சோதிக்கும் இயந்திரத்தின் ரிசீவரை நெஞ்சின் மேல் வைத்து கருவியின் நினைவகத்தைப் படித்தேன். அந்த இரைச்சல் முதன்முதலில் பதிவானது 19 நாள் முன்பு. ஒயரின் மின்தடை எகிறியதும் அதே வாரத்தில்தான். பெட்டி மட்டும் கட்டிலோரம் பிளக்கில் இருந்திருந்தால், மறுநாள் காலையே என் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கும். ஒரு போன் செய்து வரவழைத்து, அடுத்த வாரத்துக்குள் ஒயரை மாற்றியிருப்போம். இந்த ஐந்து அடியும் அவருக்கு விழுந்திருக்காது.

அந்தப் பெட்டியை அவர்கள் கையில் கொடுத்தது நான்தான். டிஸ்சார்ஜ் ஆகிற மதியம். மகன் பில் கட்ட வரிசையில் நின்றான். ஐயா ஊருக்குப் போக வேண்டும் என்ற நினைப்பிலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இத கட்டில் பக்கத்துல பிளக் போட்டு வைங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அவ்வளவுதான். எதற்கு என்று சொல்லவில்லை. அவர்களுக்கு விளங்கியதா என்று கேட்கவும் இல்லை. அந்த நாளை நான் மறக்கவில்லை. இந்தப் பதிவை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 வருடமாக பேஸ்மேக்கர் கிளினிக்கில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இதயத் துடிப்பு குறையும்போது அதைத் தூண்டிவிடும் கருவிதான் பேஸ்மேக்கர். "நெஞ்சுல பேட்டரி வச்சிருக்கு" என்று வருகிறவர்கள் எல்லாரும் என் அறைக்குத்தான் வருவார்கள். பேட்டரி எவ்வளவு மிச்சம், ஒயர் சரியாக இருக்கிறதா, இடையில் துடிப்பு தப்பியதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வருவார்கள். ஐசிடிக்காரர்கள் இன்னும் அடிக்கடி வருவார்கள். ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் நடுவில் உள்ளே என்ன நடந்தது என்பது கருவிக்கு மட்டும்தான் தெரியும்.

1958-ல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகத்திலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது சில மணி நேரம்தான் ஓடியது. உடனே இன்னொன்று வைத்தார்கள். அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றியிருந்தார். பயத்தோடு வரும் புதிய நோயாளிகளிடம் இந்தக் கதையை நான் எப்போதும் சொல்வேன். அந்தக் காலத்தில் உள்ளே இருக்கும் கருவிக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவமனைக்குப் போகாமல் தெரிய வழியே இல்லை. இன்றைக்குத் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கருவி, ராத்திரியில் நாம் தூங்கும்போது, தன் கதையைத் தானே சொல்லிவிடும். கேட்பதற்கு அந்தப் பெட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அது எப்படி நடக்கிறது என்று எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். கருவிக்குள் சின்ன ரேடியோ இருக்கிறது. மிகக் குறைந்த சக்தி உள்ளது. இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போகாது. ஊர் அடங்கிய நேரத்தில் அது பெட்டியைத் தேடும். பெட்டி கிடைத்தால் பதிவுகளை அதனிடம் கொடுக்கும். பெட்டிக்குள் செல்போனில் இருப்பது போல ஒரு சிம் இருக்கும். அது பதிவுகளைக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். காலையில் நான் கம்ப்யூட்டரைத் திறந்தால் யார் யாருக்கு என்ன என்று வரிசையாக நிற்கும். சில மாடல்களில் தினமும் வரும். சிலவற்றில் குறித்த தேதியிலும், ஏதாவது கோளாறு என்றால் உடனேயும் வரும். பழைய மாடல்கள் சிலவற்றுக்கு, நெஞ்சின் மேல் ஒரு ரிசீவரை வைத்து நீங்களே பட்டனை அழுத்த வேண்டும். புதிதாக வரும் சிலவற்றுக்குப் பெட்டியே வேண்டாம், உங்கள் ஸ்மார்ட்போனில் ஒரு ஆப் போதும்.

இதனால் பலன் உண்டா என்று டாக்டர்கள் சும்மா நம்பிவிடவில்லை. 2010-ல் வெளிவந்த டிரஸ்ட் ஆய்வில் ஐசிடி வைத்த 1,339 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். துடிப்புக் கோளாறு வந்ததிலிருந்து டாக்டர் கண்ணில் படுவதற்கு, பழைய முறையில் சராசரியாக 36 நாள் ஆனது. பெட்டி இருந்தவர்களுக்கு 2 நாளுக்கும் குறைவு. மருத்துவமனைக்கு நேரில் வந்து கருவியைச் சோதிக்க வேண்டிய தேவையும் 45 சதவீதம் குறைந்தது. அந்த 36 நாள் என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிவகங்கை ஐயாவின் 19 நாள்தான் ஞாபகம் வரும்.

2014-ல் இன்-டைம் என்று இன்னொரு ஆய்வு. இதயம் பலவீனமான 664 பேர். தினமும் பதிவு வந்த பிரிவில் ஒரு வருடத்தில் 10 பேர் இறந்தார்கள். மற்ற பிரிவில் 27 பேர். ஆனால் எல்லா ஆய்வும் இப்படி வரவில்லை. இங்கிலாந்தில் 1,650 பேரை வைத்து நடந்த ரெம்-எச்எஃப் ஆய்வில், வாரம் ஒரு முறை பதிவுகளைப் பார்த்ததால் உயிரிழப்பு குறையவில்லை என்று 2017-ல் சொன்னார்கள். என் அனுபவத்தில் இது எனக்குப் புரிகிறது. இன்-டைமில் பதிவு தினமும் வந்தது. கோளாறு தெரிந்தவுடன் நோயாளிக்குப் போன் போட்டு, எப்படி இருக்கிறீர்கள், மாத்திரை போட்டீர்களா, எடை கூடியதா என்று கேட்டார்கள். பெட்டி செய்தியைக் கொண்டுவந்து சேர்க்கும். அதைப் பார்த்துப் போனை எடுக்க ஒரு ஆள் வேண்டும். பெட்டி வாங்கும்போதே "இதை உங்க பக்கம் யார் பாக்குறாங்க?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். பதில் தெளிவாக வர வேண்டும்.

2020 ஏப்ரலில் பஸ் ஓடவில்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். எங்கள் கிளினிக் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு நாள் காலை ராமநாதபுரம் பக்கத்து அம்மா ஒருவரின் பதிவு வந்தது. பேஸ்மேக்கர் வைத்து மூன்று வருடம் ஆனவர். இதயத்தின் மேல் அறை ஒன்பது மணி நேரம் ஒழுங்கில்லாமல் படபடத்திருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இது நீடித்தால் மேல் அறையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். போன் செய்தேன். "எனக்கு ஒண்ணுமே இல்லையேம்மா, இப்பத்தான் சோறு வடிச்சேன்" என்றார். உண்மைதான், அவருக்கு எதுவும் தெரியவில்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே இருந்ததால், எங்கள் டாக்டர் அவர் ஊர் டாக்டரிடம் பேசி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்க வைத்தார். இந்தக் கதையில் ஆம்புலன்ஸ் இல்லை, ஐசியு இல்லை. அவர் இன்னும் சோறு வடித்துக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட கதைகள் யார் காதுக்கும் போவதில்லை. அதனால்தான் பெட்டியின் அருமையும் தெரியாமல் போகிறது.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள்? நோயாளிகளுக்கு அக்கறை இல்லை என்று சில டாக்டர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. போன் போட்டுப் பொறுமையாகக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தில் நியாயமும் இருக்கிறது.

முதலில் கரண்ட் பில். "இருபத்துநாலு மணி நேரமும் ஓடுதே" என்பார்கள். சின்ன நைட் லேம்ப் எரிகிற அளவுக்குத்தான் இழுக்கும் என்று சொன்னால் பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடுவார்கள். அப்புறம் பிளக் பாயிண்ட். பல வீடுகளில் கட்டில் இருக்கும் அறையில் ஒரே ஒரு பாயிண்ட்தான். கொசு மருந்து, போன் சார்ஜர், ஃபேன் எல்லாம் அதற்குப் போட்டி. பேரன் சார்ஜர் போடப் பிடுங்கியிருப்பான், திரும்ப மாட்டியிருக்க மாட்டான். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தீரும் விஷயம். ஆனால் அது நடக்காமல் பெட்டி மாதக்கணக்கில் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெயில் காலம் எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. ஏப்ரல், மே வந்தால் "தொடர்பு இல்லை" என்ற பட்டியல் திடீரென்று நீளும். முதல் இரண்டு வருடம் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன். பிறகு ஒரு பெரியவர்தான் சொன்னார்: "புழுக்கம் தாங்கல, மொட்ட மாடியிலதானம்மா படுக்கிறோம்." பெட்டி கீழே அறையில், ஆள் மேலே மாடியில். கருவி ராத்திரி முழுக்கத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதிலிருந்து பங்குனி பிறந்தால் எல்லாருக்கும் ஒரு போன் போட்டுவிடுவேன். மாடிக்கு ஒயர் இழுக்க முடிந்தால் பெட்டியையும் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது பெட்டி இருக்கும் அறையில் படுங்கள். தீபாவளிக்கு மகன் வீட்டுக்குப் போகும்போதும் இதே கதைதான். இரண்டு நாள் என்றால் விட்டுவிட்டுப் போகலாம், ஒரு மாதம் என்றால் பெட்டியும் போக வேண்டும்.

ஆப் உள்ளவர்களுக்கு வேறு தொல்லை. மகன் தன் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவான். அப்பா நெஞ்சில் கருவி, ஆப் முந்நூறு மைல் தள்ளி. ஆப் எப்போதும் நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் போனில்தான் இருக்க வேண்டும். போனை மாற்றினால் மறுபடியும் இணைக்க வேண்டும், புளூடூத்தை அணைக்கக் கூடாது.

பயங்களில் கனமானது வேறு. "இதுல கேமரா இருக்கா? நாங்க பேசுறது அங்க கேக்குமா?" இதை மெல்லிய குரலில், வீட்டு ஆட்கள் வெளியே போன பிறகுதான் கேட்பார்கள். கேமரா இல்லை. மைக் இல்லை. நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. உடம்பு எவ்வளவு நேரம் அசைந்தது என்பது மட்டும் தெரியும். யாராவது வெளியிலிருந்து கருவிக்குள் புகுந்துவிடுவார்களோ என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். அமெரிக்காவில் துணை ஜனாதிபதியாக இருந்த டிக் செனி, அந்தப் பயத்தால் 2007-ல் தன் கருவியின் வயர்லெஸ்ஸை டாக்டர் அணைக்க வைத்ததாகப் பின்னாளில் சொன்னார். 2017-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம், அபாட் கம்பெனியின் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று சொல்லி மென்பொருளைப் புதுப்பிக்க வைத்தது. அந்த ஓட்டை வழியாக யாருக்கும் தீங்கு நடந்ததாக அப்போது தகவல் இல்லை. ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒயர் விட்டுப்போவதையும் பேட்டரி தீர்வதையும் என் அறையில் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கருவிக்குள் வெளியாள் புகுந்த ஒரு கேஸைக் கூடப் பார்த்ததில்லை. எது பக்கத்தில் இருக்கும் ஆபத்து என்று எனக்குச் சந்தேகமில்லை.

"ஏதாவது இருக்குன்னு சொல்லி அடிக்கடி கூப்பிட்டு பில் போடுவீங்க" என்று நேருக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு. கோபம் வரவில்லை. தனியார் மருத்துவமனையில் பட்டவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பெட்டி ஒழுங்காக இருந்தால் பஸ் ஏறி வருவது குறையும் என்பதைத்தான் அவர்களிடம் சொல்வேன். தொடர்பு அறுபடாமல், எச்சரிக்கையும் இல்லாமல், வேறு இதயக் கோளாறும் இல்லாமல் இருப்பவர்களை 24 மாதத்துக்கு ஒரு முறை நேரில் பார்த்தால் போதும் என்று 2023-ல் உலக அளவிலான இதயத் துடிப்பு நிபுணர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு இளம்பெண் சொன்ன காரணம் என் மனதை விட்டுப் போகவில்லை. 29 வயது. கல்யாணத்துக்கு முன்பே ஐசிடி வைத்தவர். கணவருக்கும் மாமியாருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் சொந்தக்காரர்கள் வந்துபோகும் வீடு. படுக்கையறையில் விளக்கு மின்னும் பெட்டியைப் பார்த்து, "இது என்ன, இது என்ன" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். "ஒவ்வொரு தடவையும் நான் நோயாளின்னு புதுசா ஒருத்தர்கிட்ட சொல்லணும் மேடம்" என்றார். பெட்டியை இரும்பு பீரோவுக்குள் வைத்துவிட்டார். இரும்புக்குள் ரேடியோ புகாது, தொடர்பு நின்றுபோனது. பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். கட்டில் தலைமாட்டில் மர அலமாரி இருந்தது. மரம் ரேடியோவைத் தடுக்காது. புடவை மடிப்புகளுக்குப் பக்கத்தில், காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் பெட்டியை வைத்து, ஒயரைப் பின்பக்கமாக விட்டார். மறுநாள் காலை அவர் பதிவு வந்து நின்றது. அவரை மனம் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெட்டியை எங்கே வைப்பது என்றுதான் யாரோ உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

இப்போது நான் யாருக்கும் பெட்டியை டிஸ்சார்ஜ் அன்று கொடுப்பதில்லை. முதல் நாளே கொடுத்து, வார்டிலேயே கட்டிலோரம் மாட்டிவிடுகிறேன். மறுநாள் காலை அவரை என் அறைக்கு அழைத்துவந்து திரையைக் காட்டுகிறேன். "ஐயா, இது நேத்து ராத்திரி உங்க நெஞ்சு." ஒயர் மாற்றிய பிறகு சிவகங்கை ஐயாவுக்கும் அப்படித்தான் காட்டினேன். மூன்றாம் மாதம் வந்தபோது, "தினமும் நாலு மணி நேரம் நடமாடுறீங்க போல" என்றேன். "வயக்காட்டுக்குப் போறது அதுக்கெப்படித் தெரியும்?" என்று திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். வீட்டில் பெட்டிக்கு யார் பொறுப்பு என்று ஒருவரின் பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் வீட்டில் அந்த அம்மாதான்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். பெட்டி ஆம்புலன்ஸ் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தாலும் பெரும்பாலான இடங்களில் காலையில்தான் ஆள் பார்ப்பார். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் பெட்டியைப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஐசிடி ஒரு முறை அடித்து, நீங்கள் நன்றாக இருந்தால் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். இரண்டாவது முறை அடித்தாலோ, ஒரு அடிக்கே உடம்பு சரியில்லை என்றாலோ உடனே 108. இன்னொன்று, எல்லாக் கருவியிலும் இந்த வசதி கிடையாது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்காது. ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: எனக்கு வைக்கப்போகும் மாடலில் உண்டா, பெட்டி விலையில் சேர்ந்ததா தனியா, எங்கள் ஊரில் சிக்னல் எடுக்குமா? ஏற்கெனவே வைத்தவர்கள், அடுத்த செக்கப்பில் உங்கள் அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள். வசதி இருந்தும் யாரும் சொல்லாமலே விட்டுப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்று காலை பட்டியலில் ஏழு பேர் தொடர்பில் இல்லை. பங்குனி பாதி போய்விட்டது. முதல் எண்ணுக்குப் போன் செய்தேன். மேலூர்ப் பக்கம், பேஸ்மேக்கர் வைத்த பெரியவர். அவர் மருமகள் எடுத்தார்.

"அப்பா எப்படி இருக்காரும்மா?"

"நல்லா இருக்காரு மேடம், டீக்கடைக்குப் போயிருக்காரு."

"ராத்திரி எங்க படுக்கிறாரு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சிரிப்பது கேட்டது.

"மாடியிலதான் மேடம். இருங்க, சாயங்காலம் ஒயர் இழுக்கச் சொல்றேன்."

அவர் பெயருக்கு நேரே குறித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினேன்.